60-ஆம் நாளை எங்கிருந்து எண்ணுவது?

விசாரணை முடியவில்லை என்று சொல்லி ஒருவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் சிறையில் வைத்திருக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2), அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 187(3), அதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. குற்றத்தைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், மனுப்போட்டு ஜாமீன்தாரர் காட்டுபவரை வெளியே விட்டே ஆகவேண்டும். கோர்ட்டில் 'ஸ்டாச்சுட்டரி பெயில்' என்பார்கள்.

சரி, 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ரிமாண்ட் செய்த நாளும், அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முதலில் உத்தரவிட்ட நாளும், கணக்கில் சேரும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 1986 தீர்ப்பு ஒன்று. சேராது என்றது அதே நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சில்தான் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரிமாண்ட் நாளும் சேரும் என்று முடித்து வைத்தது. அது டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் வதாவன் சகோதரர்கள் மீதான அமலாக்கத் துறை வழக்கு. 2020 மே 14-ல் ரிமாண்ட். அந்த நாளைச் சேர்த்தால் ஜூலை 12-ல் 60 முடிகிறது, சேர்க்காவிட்டால் 13-ல்.

ஒரு நாளில் என்ன போய்விடும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே போய்விடும். கெடு முடிந்த பிறகும் கைதி மனுப்போடுவதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமையே காலி. அப்புறம் சாதாரண ஜாமீனுக்குத்தான் அலைய வேண்டும். வதாவன்களுக்கு நாள் எண்ண வழக்கறிஞர் படையே இருந்தது. வக்கீல் வைக்க வழியில்லாத கைதிக்கு யார் எண்ணுவார்கள்?

இதை வெறும் 'டெக்னிக்கல் பாயிண்ட்' என்று தள்ளுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 23 அன்று, வழக்குத் தாக்கலுக்கான காலக்கெடுக்களை உச்ச நீதிமன்றம் நீட்டித்தது. குற்றப்பத்திரிகைக்கும் அது பொருந்துமா? பொருந்தாது, கைதியின் உரிமை அப்படியே நிற்கிறது என்று மே 8-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மூன்றே நாளில், சமயநல்லூர் காவல் நிலையத்தின் திருட்டு வழக்கு ஒன்றில், அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி அதை ஏற்காமல் ஜாமீனை மறுத்தார். ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பே சரி என்றது. மாற்றுக் கருத்து இருந்தால் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றும் கண்டித்தது. நல்லது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்கும் மேலாக, கெடு தாண்டியும் ஒருவர் உள்ளே இருந்தார். யாரும் அதைத் திருப்பித் தர முடியாது.

குற்றவாளி தப்பிவிடுவான் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது விடுதலை அல்ல, ஜாமீன்தான். வழக்கு நடக்கும், தண்டனையும் வரலாம். நாள் தவறவிட்டது போலீஸ். அதற்கு உள்ளே இருப்பவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ராகேஷ்குமார் பால் வழக்கில், 2017-ல், இந்த ஜாமீனை வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் ஒரு படி போகலாம். முதல் ரிமாண்ட் உத்தரவிலேயே கெடு முடியும் தேதியை மாஜிஸ்திரேட் எழுதிவிடட்டும். அந்தத் தாளின் நகல் சிறைக்கும் போகட்டும், வாசலில் காத்திருக்கும் அம்மாவிடமும் ஒன்று இருக்கட்டும்.