200 மெகாஹெர்ட்ஸுக்காக மூன்று வாரங்கள்

கேமிங்குக்காகப் புதிய கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, புராசசரை ஓவர்கிளாக் செய்தால், அதாவது தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், கேம் இன்னும் நன்றாக ஓடுமா என்பதுதான். பல ஆண்டுகள் இதில் மிகுந்த ஆர்வத்தோடு ஈடுபட்டவன் என்ற முறையில் என் பதிலை இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன். இன்றைய புராசசர்களில், கேமிங்கை மட்டும் கருதிச் செய்வதானால், செலவிடும் நேரத்துக்கும் உழைப்புக்கும் ஈடான பலன் அதில் கிடைப்பதில்லை என்பதே என் கருத்து.

ஓவர்கிளாக்கிங் எக்காலத்திலும் வீண் வேலையாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. 1998-இல் வெளிவந்த இன்டெல் செலிரான் 300ஏ புராசசரின் பஸ் வேகத்தை (புராசசரின் வேகம் இதன் மடங்காகவே அமையும்) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸுக்கென்று விற்கப்பட்ட சில்லு 450-இல் ஓடியது. ஒரே ஒரு அமைப்பை மாற்றியதற்கு ஐம்பது விழுக்காடு கூடுதல் வேகம். 2011-இல் வந்த கோர் ஐ5-2500கே புராசசரின் உச்ச டர்போ வேகம் (தேவைப்படும்போது தானாகவே எட்டும் வேகம்) 3.7 கிகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், நல்ல ஏர் கூலரை மாட்டி அதை 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். அன்று சில்லின் திறனில் ஒரு பெரும்பகுதியை மிச்சம் வைத்து விற்றார்கள். அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். 2023-இல் வந்த கோர் ஐ9-14900கே, பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடனேயே, நாம் எதையும் தொடாமல், 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. நாம் எடுப்பதற்கென்று இருந்த மிச்சத்தை இப்போது தொழிற்சாலையிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

இதை நான் ஏட்டளவில் சொல்லவில்லை. என்னுடைய எட்டு கோர் புராசசரில் வெறும் 200 மெகாஹெர்ட்ஸைக் கூட்டுவதற்காக மூன்று வாரங்கள் இரவு இரவாக உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் மின்னழுத்தத்தைச் சிறிது ஏற்றுவது, புராசசருக்கு முழுச் சுமை தந்து பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஒரு மணி நேரம் ஓட்டுவது, வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது, மறுபடி பயாஸுக்குப் போவது என்று அது நீண்டது. கடைசியில் எல்லாச் சோதனைகளிலும் தேறிய அந்த அமைப்பில், கேம் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றுபோனது. கேமில்தான் பிழை என்று நம்பி அதை இருமுறை அழித்து மீண்டும் நிறுவினேன். அதற்குள் சேவ் ஃபைல் சிதைந்து, ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஆடியது மொத்தமும் போய்விட்டது. புராசசரைப் பழைய நிலைக்குத் திருப்பிய பிறகு அந்தக் கேம் ஒருமுறைகூட நிற்கவில்லை. இத்தனைக்கும் எனக்குக் கிடைத்த லாபம், நொடிக்குச் சராசரி 117 ஃபிரேமிலிருந்து (திரையில் வரும் படங்களிலிருந்து) 120 ஃபிரேம்.

பலன் இவ்வளவு சிறுத்துப்போவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. 1440பி, 4கே போன்ற தெளிவுத்திறன்களில், கிராஃபிக்ஸ் அமைப்புகளை உயர்த்தி வைத்து ஆடும்போது, கிராஃபிக்ஸ் கார்டு 97, 98 விழுக்காடு சுமையில் திணறிக்கொண்டிருக்க, புராசசர் அதற்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பவரை இன்னும் விரைவாக ஓடச் சொல்லிப் பயனில்லை. புராசசரே தடையாக இருக்கும் கேம்களிலும், அது பெரும்பாலும் ரேமிலிருந்து தரவு வந்துசேர வேண்டும் என்றே நிற்கிறது. ரேமிடம் கேட்டது வந்துசேர 80 நானோநொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 5 கிகாஹெர்ட்ஸில் அது புராசசரின் 400 சுழற்சிகள் (கடிகாரத் துடிப்புகள்), புராசசரை 5.2-க்கு ஏற்றினால் அதே 80 நானோநொடியில் 416 சுழற்சிகள் வீணாகின்றன, காத்திருக்கும் நேரம் குறைவதில்லை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று, 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு முன்பே வந்திருந்த 5800எக்ஸின் வேகமோ 4.7. ஆனால் எல்3 கேச், அதாவது ரேமுக்குப் போகாமலே தரவைத் தரும் புராசசரின் சொந்த நினைவகம், 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்திருந்ததால், வேகம் குறைந்த புராசசர் பல கேம்களில் தெளிவாகவே முந்தியது. அதில் வழக்கமான ஓவர்கிளாக்கிங்கை ஏஎம்டி பூட்டியே வைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மின்செலவின் கணக்கு இதைவிடக் கடுமையானது. அது வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயரும். வேகத்தை 5 விழுக்காடு கூட்டுவதற்காக மின்னழுத்தத்தை 8 விழுக்காடு ஏற்றினால், மின்செலவு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடும், அத்தனையும் வெப்பமாகும். உத்தரவாதம் செல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு.

பயாஸுக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்ற ஆவல் உள்ளவர்களுக்கு நான் இரண்டு வேலைகளைச் சொல்வேன். 6000 என்று எழுதியிருக்கும் டிடிஆர்5 ரேமை வாங்கி மாட்டினாலும், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்காதவரை அது பெரும்பாலும் 4800 போன்ற வேகத்திலேயே ஓடும். பல ஆண்டுகள் அப்படியே ஆடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பார்த்து வருந்தியிருக்கிறேன். தயாரிப்பாளர்களின் கணக்கில் இதுவும் ஓவர்கிளாக்கிங்தான் என்றாலும், நான் மூன்று வாரங்களில் பெற்றதைவிட அதிகப் பலனை இது ஒரு நிமிடத்தில் தரக்கூடும். அடுத்தது அண்டர்வோல்ட் செய்வது. மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் புராசசர் குளிர்ந்து, தன் டர்போ வேகத்தைத் தானே நீண்ட நேரம் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியின் இரைச்சலும் அடங்கும். இதிலும் அளவு மீறினால் கம்ப்யூட்டர் நிலைகுலையும் என்பதால் பொறுமையாகச் சோதிக்க வேண்டும்.

240 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட திரையில், கிராஃபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்து வைத்துப் போட்டிக் கேம்களை ஆடுபவர்களின் நிலை வேறு. ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லிநொடியே கிடைக்கும் அந்த இடத்தில் புராசசரின் ஒவ்வொரு விழுக்காடும் கணக்கில் வரும். கையில் இருப்பது ஓவர்கிளாக் செய்ய இன்டெல் திறந்துவைத்த பழைய கே வகைப் புராசசர், புதிது வாங்க இப்போது வழியில்லை என்பவர்களுக்கும் நான் தயங்காமல் செய்யச் சொல்வேன், ஏனெனில் அந்தச் சில்லுகளில் மிச்சம் இன்னும் இருக்கிறது. தொடங்குவதற்கு முன் சேவ் ஃபைல்களை மட்டும் வேறு டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.