மூன்றடி தூரத்துக்கு ஒரு கேமரா

மதுரையில் சித்தி குடியிருந்த காம்பவுண்டை இடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு அகல லென்ஸ் தேவைப்பட்டது. ஏழு குடித்தனம். நடுவில் வானம் பார்த்த நடை, அகலம் நாலடி இருந்தால் அதிகம். நடையின் கோடியில் ஒரு அடிகுழாய். லீவுக்கு லீவு போய் ஓடி விளையாடிய இடம். அது போவதற்கு முன்னால் சித்தி அந்தக் குழாயில் தண்ணீர் அடிப்பதை ஃபிலிமில் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

என்னிடம் இருந்தது 35 மி.மீ. லென்ஸ் உள்ள பழைய கேமரா. இந்த மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். குழாய்க்குப் பின்னால் கோடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் சித்திக்கும் எனக்கும் மூன்றடிதான் இடைவெளி. தலை வந்தால் குடம் வராது, குடம் வந்தால் தலை வராது. கணக்கு எளிது. மூன்றடி தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் பார்ப்பது நீளவாக்கில் மூன்றடி சொச்சம். 22 மி.மீ. லென்ஸ் பார்ப்பது கிட்டத்தட்ட ஐந்தடி. அந்த ரெண்டடிக்காகத்தான் நான் கேமரா தேட ஆரம்பித்தேன்.

இதை எழுதக் காரணம், சின்ன ஃபிலிம் கேமராவில் அகல லென்ஸ் வேண்டும் என்று கேட்கிற தம்பிகள் எல்லாரும் "எத்தனை மி.மீ. அண்ணா, 28 போதுமா, 21 வேணுமா" என்றே தொடங்குகிறார்கள். நிறைய இடத்தை ஒரே படத்தில் அடக்கிவிடலாம் என்ற ஆசை அது. எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. முதல் ரோல் முழுக்க அந்த ஆசைக்குத்தான் பலி.

நான் வாங்கியது ரெட்டோ அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம். பழைய விவிட்டார் அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம் என்ற பிளாஸ்டிக் கேமராவின் மறு அவதாரம். 22 மி.மீ. லென்ஸ். வெளிச்சம் நுழைகிற துளையான அப்பர்ச்சர் எஃப் 11 (எஃப் எண் சின்னதானால் துளை பெரிது), ஷட்டர் திறந்திருப்பது 1/125 நொடி. எதையும் மாற்ற முடியாது, ஃபோகஸ் கிடையாது, பேட்டரி கிடையாது. எடை 70 கிராம் அளவு. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அதைக் கொண்டுபோய் 35 மி.மீ.க்குப் பழகின தூரத்திலேயே நின்று 36 படம் எடுத்தேன். லேபிலிருந்து ஸ்கேன் வந்ததும் வயிறு கலங்கியது. கீழ்ப்பாதி சிமெண்டுத் தரை, மேல்பாதி வெறும் வானம், நடுவில் விரல் நகம் அளவுக்கு மனிதர்கள். ரெண்டு மூன்று படத்தில் மூலையில் என் விரலும் இருந்தது. இவ்வளவு அகலமான லென்ஸில் கேமராவின் முன்பக்கம் விரல் வரவே கூடாது. மேலும் கீழும் விளிம்பைப் பிடித்துப் பழக வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். காலை பத்து மணி, நடையில் நல்ல வெளிச்சம். சித்தி குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடா இது, விளையாட்டுச் சாமானா? இவ்வளவு பக்கத்துல வந்து நின்னா மூஞ்சி மட்டும்தான் விழும்."

"முழுசா விழும் சித்தி, நீங்க பாட்டுக்கு அடிங்க."

கேமராவை நெட்டுக்குப் பிடித்து, குனியாமல், சாய்க்காமல், சித்தியின் இடுப்பு உயரத்துக்கு இறக்கி எடுத்தேன். அந்தப் படத்தில் குடத்தின் வாய் முன்னால் பெரிதாக இருக்கிறது, தண்ணீர் விழுந்து தெறிக்கிற இடம் தெரிகிறது. அதற்குமேல் சித்தியின் கை, தோள், முகம். அவருக்குப் பின்னால் நடை முழுவதும் நீண்டு போகிறது. வாசல்படிகள், கொடியில் காய்கிற துண்டு, கடைசி வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளின் சக்கரம் வரைக்கும் தெரிகிறது. சித்தியும் அவர் வாழ்ந்த இடமும் ஒரே படத்தில். இதை 35 தராது, 50 தராது. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டுகிற குணம் அகல லென்ஸுக்கு உண்டு. அது வேலை செய்ய வேண்டும் என்றால் நாம் பக்கத்தில் போயாக வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: கேமரா தேர்ந்தெடுக்கும்போது மி.மீ. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எவ்வளவு பக்கத்தில் போய், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். அந்த ரெண்டுக்கும் அந்தக் கேமரா இடம் கொடுக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

வெளிச்சம் என்றேன். அன்றைக்கே சித்தியின் அடுப்படியிலும் நாலு படம் எடுத்தேன். ஒரு ஜன்னல், ஒரு பல்பு. நெகட்டிவில் அந்த நாலு இடமும் வெறும் கண்ணாடி மாதிரி, ஒன்றும் பதியவில்லை. எஃப் 11-உம் 1/125-உம் மாறாத கேமராவில் 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் (இந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) போட்டால், நன்றாக மேகம் மூடிய பகல் வெளிச்சம் வரைக்கும்தான் சரியாக வரும். உச்சி வெயிலில் தேவையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் விழும், ஆனால் கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் ஒன்றும் செய்ய முடியாது. இடம் நெருக்கமாக இருப்பது வீட்டுக்குள்தானே, அகல லென்ஸ் மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான். மலிவான கேமரா கைவிடுவதும் அங்கேயேதான்.

வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு நான் சொல்கிற பெயர்கள் ரெண்டு. ஒன்று, லோமோகிராஃபி 2011-இல் கொண்டுவந்த எல்சி-வைட். 17 மி.மீ., எஃப் 4.5. வெளிச்சத்துக்கு ஏற்ப ஷட்டரை அதுவே நீட்டிக்கொள்ளும். ஃபோகஸுக்கு ரெண்டே நிலை, கிட்டத்து நிலையில் 40 செ.மீ. வரைக்கும் போகலாம். அகல லென்ஸில் கை நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது என்பதால், சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்தால் 1/15 வரைக்கும் கையில் வைத்தே எடுக்கலாம். இன்னொன்று ஃபியூஜி நேச்சுரா எஸ், 2004-இல் வந்தது. 24 மி.மீ., எஃப் 1.9. இவ்வளவு சின்ன கேமராவில் இவ்வளவு அகலமும் இவ்வளவு பெரிய அப்பர்ச்சரும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 1600 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் போட்டு, ஃபிளாஷ் இல்லாமல் வீட்டு வெளிச்சத்தில் எடுப்பதற்கென்றே செய்தது. அதற்காக ஃபியூஜி விற்ற நேச்சுரா 1600 ஃபிலிம் இப்போது இல்லை என்பது வருத்தம்தான்.

சரி, எல்லாரும் கனவு காண்கிற ரிக்கோ ஜிஆர்21-க்கு வருவோம். 2001-இல் வந்த கேமரா. 21 மி.மீ., எஃப் 3.5, ஆட்டோ ஃபோகஸ், மக்னீசிய உடம்பு, கோட்டுப் பையில் அடங்கும். ஒருமுறை ஒரு நண்பருடையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. உண்மையிலேயே அருமையான பொருள். ஆனால் இன்றைக்கு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இது சேர்ந்த ஜிஆர்1 குடும்பத்து கேமராக்களில் மேலே இருக்கிற எண் காட்டும் திரை மங்கிப் போவது எல்லாருக்கும் தெரிந்த கதை, உதிரிபாகமும் கிடைப்பதில்லை. இந்த மாதிரி கேமராவில் எலெக்ட்ரானிக்ஸ் போனால் எல்லாமே போச்சு. வேறொரு சின்ன ஆட்டோ ஃபோகஸ் கேமராவை ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஒன்பதாவது படத்தில் லென்ஸ் வெளியே வந்தது வந்தபடியே நின்று, மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்த நாளை நான் மறக்கவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்துச் சேர்த்த பணம் அது. அதனால் மாதச் சம்பளக்காரர் யாரையும் ஜிஆர்21 வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு கேள்வி வரும். எஸ்எல்ஆரிலேயே ஒரு அகல லென்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன? மாட்டலாம். ஆனால் எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வருகிற காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிட, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் முகம் பார்க்கிற மாதிரி கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டுகிற இடத்திலிருந்து ஃபிலிம் 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. 21 மி.மீ. லென்ஸ் இயல்பாக ஃபிலிமை ஒட்டி உட்கார வேண்டியது. அதை அவ்வளவு தூரம் தள்ளி வைத்து வேலை வாங்க, முன்னால் பெரிய லென்ஸ் கண்ணாடிகளை அடுக்குகிறார்கள். எடை கூடுகிறது, பல லென்ஸ்களில் நேர்க்கோடும் வளைகிறது. ஆடுகிற கண்ணாடி இல்லாத கேமராவில் அந்தத் தொல்லையே இல்லை. 1950-களில் ட்சைஸ் என்ற ஜெர்மன் லென்ஸ் கம்பெனிக்காக லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த 21 மி.மீ. பயோகான் இப்படி ஃபிலிமுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த லென்ஸ்தான். கதவு நிலை கதவு நிலையாகவே விழும். ஓரங்கள் கொஞ்சம் இருட்டும், எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

கடைசியில் நான் போய் நின்றது ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா எல் என்ற கேமராவில். ஜப்பானின் கொசினா கம்பெனி 1999-இல் கொண்டுவந்தது. உடம்பில் கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரே கிடையாது, கேமராவின் தலையில் தனியாகச் செருகிக்கொள்ள வேண்டும். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கலாம், பழுதானால் நம்மூர் மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம். அதற்கென்று வந்த 15 மி.மீ., எஃப் 4.5 ஹெலியார் லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும். எஃப் 8-இல் வைத்து ஃபோகஸை ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தெளிவு. அதனால்தான் ஃபோகஸ் பார்க்கிற ஜன்னல் இல்லாமலேயே இந்தக் கேமரா பிழைக்கிறது. சட்டைப் பையில் அடங்காது, தோள்பையில் அடங்கும். எனக்கு அது போதும்.

இவ்வளவு சொன்னாலும், இன்றைக்கு யாராவது கேட்டால் முதலில் அந்த 22 மி.மீ. பிளாஸ்டிக்கையே வாங்கச் சொல்வேன். மூவாயிரம் நாலாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ரெண்டு ரோல், பகல் வெளிச்சத்தில், எதையும் மூன்றடிக்கு மேல் தள்ளி நின்று எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் முகத்தை ஓரத்தில் விடாதீர்கள், இழுத்துவிடும். ரோல் கழுவி வந்ததும் உட்கார்ந்து பாருங்கள். அவ்வளவு பக்கத்தில் போவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் 28 மி.மீ.யோடு சந்தோஷமாக இருக்கலாம், லட்ச ரூபாயும் மிச்சம்.

காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது தூண் எழும்பியிருக்கிறது. குழாயடிப் படத்தை எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் தெரிகிற வாசல்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக, யார் யார் வீடு என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார்.