தோமாவை இயேசு தள்ளிவிடவில்லை

“விசுவாசத்தில் கேள்வி கேட்பது பாவம்; சந்தேகப்பட்ட தோமாவை இயேசு தள்ளிவிட்டார்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே பரவுகிறது. அது தவறு.

யோவான் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை, அவருடைய காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் சீடர் தோமா. இயேசு மீண்டும் வந்து, விரலை நீட்டித் தம் காயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். மெல்லிய கண்டிப்பு உண்டு, தள்ளுதல் எங்கே? “என் ஆண்டவரே, என் தேவனே” என்ற மாபெரும் அறிக்கை, கேள்வி கேட்ட அந்த வாயிலிருந்தே பிறந்தது. கேள்வி அவரை ஆண்டவரின் அருகில்தான் கொண்டுசேர்த்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் “ஏன் ஆண்டவரே?” என்று கதறினால், அதைப் பாவமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சிலுவையில் இயேசுவே “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்றார்.

பவுல் போதித்ததையே வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது.