டப்பாவில் பெயரை மாற்றுங்கள், உள்ளே பிலிமை மாற்றாதீர்கள்

"அது அசல் கம்பெனி பிலிம் இல்லப்பா, லேபிள் ஒட்டி விக்கிறாங்க, வாங்காதே" என்று, புதிதாகப் பிலிம் கேமராவைக் கையில் எடுக்கிற பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

நாடாவில் ஒளி உணரும் மருந்தைப் பூசி, கறுப்பு வெள்ளை பிலிமாகத் தருகிற ஆலைகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கோடாக், இங்கிலாந்தின் மாபர்லியில் இல்ஃபோர்டு பிலிம்களைச் செய்கிற ஹார்மன், செக் நாட்டில் ஃபோமா, பெல்ஜியத்தில் ஆக்ஃபா-கெவர்ட், இன்னும் சில. விற்பனையில் இருக்கிற பெயர்களோ டஜன் கணக்கில். ஒரே மில் அரிசி பத்துப் பெயரில் மூட்டையாகி வருவது போலத்தான். கோட்டிங் இயந்திரம் ஒரு மீட்டருக்கு மேல் அகலமான சுருளில் ஆயிரக்கணக்கான அடி நீளத்துக்கு ஒரே ஓட்டமாகப் பூசும். சின்ன வியாபாரி நூறு டப்பா கேட்டான் என்று அதை ஓட்ட முடியாது. ஆலைக்கு இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது, வியாபாரிக்குத் தன் பெயரில் ஒரு பிலிம் வேண்டும். 2004-இல் இல்ஃபோர்டு கடனில் மூழ்கி, மறு ஆண்டு அதன் மேலாளர்களே சேர்ந்து வாங்கி ஹார்மன் என்று நடத்த வேண்டி வந்தது. இப்படிப்பட்ட தொழிலில் அடுத்தவருக்குப் பூசிக் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லை, பிழைப்பு.

நம்மூருக்கும் இது புதிதல்ல. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில். டப்பாவில் இருந்த பெயர் இந்து. ஆர்வோ என்று வந்ததும் கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆக்ஃபா ஆலைச் சரக்குதான். 1964-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஸ்டுடியோ அண்ணன்மார் யாரும் டப்பாவின் பூர்வீகத்தை விசாரித்ததில்லை. போன தடவை கழுவிய அதே நிமிடத்தில் இந்த ரோலும் கழுவினால் சரியாக வருமா என்பதுதான் அவர்கள் கேள்வி. என் கேள்வியும் அதுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரீஸ்டைல் என்கிற கடை அரிஸ்டா என்ற பெயரில் பல பிலிம்கள் விற்கிறது. அதில் அரிஸ்டா பிரீமியம் 400 என்று ஒன்று இருந்தது. டப்பாவில் அமெரிக்கத் தயாரிப்பு என்று போட்டிருக்கும், கழுவும் நேரம் கோடாக்கின் 400 வேக பிலிமான ட்ரை-எக்ஸுக்குச் சொன்ன நேரம்தான். அமெரிக்காவில் அந்த வேகத்தில் கறுப்பு வெள்ளை பிலிம் பூச வேறு யார் இருந்தார்கள்? வாங்கியவர்கள் குறைந்த விலையில் நல்ல பிலிம் போட்டார்கள், அவ்வளவுதான். அதே கடையின் இடியு அல்ட்ரா வரிசை ஃபோமாவுடையது. அதில் 120 ரோலை (பின்தாளோடு சுற்றி வரும் அகல பிலிம்) எடுத்து டெவலப்பருக்கு முன் வெறும் தண்ணீரில் ஊறவிட்டுக் கொட்டிப் பாருங்கள். நீலம் கலந்த பச்சையாகச் சாயம் வரும். ஃபோமா 100-லும் அதே சாயம்தான். டப்பா எந்தப் பெயரைச் சொன்னாலும் இதை மறைக்க முடியாது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். பெயர் அப்படியே இருக்கும், உள்ளே பிலிம் மாறிவிடும். ஆக்ஃபா ஏபிஎக்ஸ் 100 என்கிற கறுப்பு வெள்ளை பிலிமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் லெவர்குசனில் இருந்த ஆக்ஃபாபோட்டோ 2005-இல் திவாலானது. குளிர்பதனத்தில் இருந்த பெரிய சுருள்களை வெட்டிச் சில ஆண்டுகள் ஓட்டினார்கள். அது தீர்ந்த பிறகு, 2013 வாக்கில், பெயருக்கு உரிமம் வாங்கியவர்கள் அதே பெயரில் வேறொரு பிலிமை இறக்கினார்கள். பழைய ஆள் ஒருவர் தனக்குப் பழகிய ரோடினால் டெவலப்பரில், பழகிய நிமிடத்துக்குக் கழுவினால் பழைய நெகட்டிவ் வராது. லேபிள் ஒட்டியவனைத் திட்டுகிற யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் டப்பாவில் 'பெரிய' பெயர் இருக்கிறது!

இன்னொரு வகை, வேறு வேலைக்குச் செய்த பிலிமை நம் கேமராவுக்கு வெட்டித் தருவது. ரோலை ரெட்ரோ 80எஸ், விமானத்திலிருந்து படம் எடுக்க ஆக்ஃபா-கெவர்ட் செய்த அவிஃபாட் வகை. புகைமூட்டத்தைத் தாண்டிப் பார்க்கச் சிவப்பு ஒளியை அதிகம் வாங்கும். அதனால் உதடும் கன்னமும் வெளுத்துப் போகும், கல்யாண போட்டோவுக்குக் கொண்டு போய்விடாதீர்கள். பாலியெஸ்டர் பிலிம் என்பதால் வெயிலில் லோடு செய்தால் ஒளி பிலிமின் முனை வழியாகவே உள்ளே இறங்கும். இதையெல்லாம் டப்பாவிலேயே சொல்லிவிட்டால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது அருமையான பிலிம்.

அப்புறம், கோளாறு வந்தால் யாரிடம் போவது? சில ஆண்டுகளுக்கு முன் கோடாக் 120 ரோல்களில் பின்தாளின் எண்களும் எழுத்துகளும் படத்தில் பதிந்தன. பாதிக்கப்பட்ட எமல்ஷன் எண்களை (பூசிய தொகுதியின் எண்) கோடாக் பிலிமை விற்ற கோடாக் அலாரிஸ் அறிவித்து, ரோல்களை மாற்றிக் கொடுத்தது. நான் ஒரு மறுபெயர் ரோலில் புள்ளி புள்ளியாக வந்ததைப் படத்தோடு எழுதி அனுப்பியபோது, விற்றவர் ஆலையைக் கேட்கச் சொன்னார். ஆலை "இது எங்கள் பெயரில் வந்த சரக்கு இல்லை" என்றது. இரண்டு பதிலும் மரியாதையாகத்தான் வந்தன. ஆலையைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். பூசிய பின் யார் வெட்டினார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தன் பெயரை ஒட்டி விற்றவர்தான் பொறுப்பு. லாபத்துக்கு மட்டும் அந்தப் பெயர், புகாருக்கு இல்லையா?

பிரிண்ட் போடும் பேப்பர் கதை இன்னும் மோசம். பிலிமிலாவது ஓரத்தில் எழுத்து இருக்கும், பேப்பரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளை பேப்பரை நிறுத்தியது, ஹங்கேரியின் ஃபோர்ட்டே 2007-இல் மூடியது. இருக்கிற ஆலைகள் கொஞ்சம், பெயர்கள் நிறைய. பெட்டி மாறியது தெரியாமல் பழைய ஃபில்டரில், பழைய நொடியில் பிரிண்ட் போட்டால் கறுப்பு கறுப்பாக வராது. அதனால் விற்பவரிடம் நான் ஆலை பெயரைக் கேட்பதில்லை, சொல்லவும் மாட்டார். போன பெட்டிக்கும் இதற்கும் தொகுதி எண் ஒன்றா, எந்த நாட்டில் பூசியது, இந்த இரண்டை மட்டும் கேட்கிறேன். பதில் வராத கடையில் ஒரு பெட்டிக்கு மேல் வாங்குவதில்லை.