எல்க் சுட எத்தனை வருஷம் வரிசையில் நிற்பது?

வேட்டை என்று எழுதினாலே நம் ஆட்களிடமிருந்து இரண்டு விதமான பதில்தான் வரும். "ஐயோ, வாயில்லா ஜீவனை..." என்பது ஒன்று. "அமெரிக்காக்காரனுக்குத் துப்பாக்கிப் பைத்தியம்" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்பவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டன் கடையில் நிற்பவர்கள் என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றால் கள்ள வேட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதில் தப்பில்லை. ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு குடும்பம் வேட்டைக்காக வருடம் முழுக்க என்ன பாடு படுகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தபின், கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று தோன்றுகிறது.

நான் இருப்பது வடக்கு கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் பிளம்பர். மனைவி பள்ளிக்கூடத்தில் நர்ஸ். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பையனுக்குப் பன்னிரண்டு. இரண்டு சம்பளம், ஒரு பழைய பிக்கப், கராஜில் ஒரு பெரிய ஃப்ரீசர். அந்த ஃப்ரீசரை நிரப்புவதுதான் அவர்களுடைய வருடாந்திரத் திட்டம். தலையையும் கொம்பையும் சுவரில் மாட்டும் கோஷ்டி இல்லை.

வேட்டை சீசன் செப்டம்பரில் தொடங்கும் என்று நாம் நினைப்போம். அவர்கள் வீட்டில் அது ஜனவரியில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்ததும் தொடங்கிவிடுகிறது. வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் எல்க் என்ற பெரிய மானைச் சுட விண்ணப்பிக்க ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் வரைதான் நேரம். அரிசோனா எல்க்கும் அதே சமயம். நியூ மெக்சிகோ மார்ச். மொன்டானா ஏப்ரல் 1. கொலராடோ ஏப்ரல் முதல் வாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு, ஒரு விதிப்புத்தகம். அரிசோனாவில் குலுக்கலில் பெயர் போடவே வெளியாள் 160 டாலருக்கு ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும். டேக், அதாவது ஒரு விலங்கைச் சுடும் அனுமதிச் சீட்டு, கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான். அந்த அம்மா எக்செல் ஷீட்டில் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார். ஒரு ஐ.டி. ப்ராஜெக்ட் மேனேஜர் பார்த்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், இங்கே காட்டு விலங்கு தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லை. பத்தாயிரம் ஏக்கர் வைத்திருக்கும் பண்ணை முதலாளியின் புல்லைத் தின்று கொழுத்தாலும் எல்க் மாநில மக்களின் பொதுச்சொத்து. எந்தப் பகுதியில் எத்தனை சுடலாம் என்று மாநிலம் எண்ணிப் பார்த்து டேக் வெளியிடும். கேட்பவர் அதிகமான இடங்களில் குலுக்கல். டேக் இல்லாமல் சுட்டால் குற்றம். இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தாலும் குற்றம்: நான்கு கால், முதுகுச் சதை, உள்சதை எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். காட்டு இறைச்சியை விற்பதும் கூடாது, தானமாகத்தான் கொடுக்கலாம். அவர் எனக்குத் தரும் பொட்டலத்தோடு அவருடைய பெயர், லைசென்ஸ் எண், எந்த விலங்கு, எந்தத் தேதி என்று ஒரு கையெழுத்திட்ட சீட்டும் வரும்.

இந்தக் கெடுபிடி ஞானோதயத்தில் வந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் எல்க் பல மாநிலங்களில் துடைத்தெறியப்பட்டுவிட்டது. 1900-இல் வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமாகச் சுட்டதை மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. 1910-களில் கொலராடோவுக்கு வயோமிங்கிலிருந்து எல்க்கைப் பிடித்து வந்து விட்டார்கள். 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்: வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கலால் வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்கு வேலைக்கு. இன்று வேறெந்த மாநிலத்தையும்விட கொலராடோவில்தான் எல்க் அதிகம். சுடுபவன் காசில்தான் பெரும்பாலும் இது நடந்தது. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இதுதான் நடந்த கதை.

சரி, சீசனுக்கு வருவோம். முதலில் வயோமிங், ப்ராங்ஹார்ன். எல்லோரும் ஆண்டிலோப் (இரலை மான்) என்பார்கள். உண்மையில் அது ஆண்டிலோப்பே இல்லை, ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். பெட்டை, குட்டிக்கான டேக் வெளியாளுக்கும் 34 டாலர்தான். பிள்ளைகளுக்கு ஏற்ற வேட்டை. ஒருமுறை நானும் கூடப் போனேன், துப்பாக்கி இல்லாமல், வேடிக்கை பார்க்க. லாரமி தாண்டினால் மரமே கிடையாது. சேஜ் புதர், காற்று, மறுபடியும் காற்று. எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில். சட்டம் பிங்க்கையும் அனுமதிக்கிறது என்று அப்பா மகளுக்கு ஒரு பிங்க் தொப்பி வாங்கி வந்திருந்தார், அவள் அதைத் தம்பி தலையில் கவிழ்த்துவிட்டாள். அப்புறம் ஒரு மேட்டின் விளிம்பில் முதுகுப்பையை முட்டுக்கொடுத்துப் படுத்துக்கொண்டாள். "நேரம் இருக்கு, அவசரப்படாதே. பக்கவாட்டில் திரும்பலைன்னா சுட வேண்டாம்" என்று அப்பா மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது திரும்பவில்லை. சுடவில்லை. இரண்டாவது கூட்டத்தில்தான் சுட்டாள், ஒரே குண்டு.

அதற்குப் பின் நடந்ததுதான் வேலை. டேக்கோடு வரும் கூப்பனில் மாதத்தையும் தேதியையும் கத்திமுனையால் வெட்டி, கையெழுத்துப் போட்டு, உடலில் கட்ட வேண்டும். வெயில் இருந்ததால் உடனே தோலை உரித்தார்கள். ப்ராங்ஹார்னின் மயிர் உள்ளே குழலாக இருப்பதால் சூட்டை விடாது. தோல் கிடந்தால் கறி கெட்டுவிடும். பையன் ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, மகள் கத்தியைத் திருப்பித் திருப்பிச் சவ்வை அறுத்தாள். முழங்கை வரை ரத்தம், நடுவில் அல்ஜீப்ரா பரீட்சையைப் பற்றிப் பேச்சு. ஐஸ் பெட்டியில் அடுக்கி முடித்தபோது, அது பெண்தான் என்று காட்டும் ஒரு துண்டு காலோடு ஒட்டியே இருந்தது. சோதனைக்காரர் கேட்டால் காட்ட வேண்டும். வீட்டில் என் மனைவி அதில் மிளகு சுக்கா செய்தாள். கொழுப்பை ஒரு பொட்டுவிடாமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல்வாயில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். சுக்கா பிரமாதம்.

அக்டோபர் கடைசியில் கொலராடோ எல்க். இது பத்தாயிரம் அடி உயரத்தில், பனியில், மூச்சு வாங்கிக்கொண்டு. பெரிய ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் வரும். சுட்ட இடத்தில் துண்டுபோட்டு முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். பெரும்பாலான வருடம் வெறும் கையோடுதான் திரும்புகிறார்கள். கிடைத்தால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் 1967-இல் முதலில் கண்ணில்பட்டதே எங்கள் ஊர் ஆராய்ச்சிக் கூடத்தில்தான். சமைத்தாலும் அந்தக் கிருமிப்புரதம் அழியாது. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் தனியாக, மேலே மார்க்கரில் "தொடாதே". நவம்பரில் மொன்டானா; அங்கே துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங் வார இறுதிவரை நீளும். ஆனால் டேக் விலையால் அவர் மட்டும்தான் போவார், அதுவும் எல்லா வருடமும் இல்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பொதுச்சொத்து, குலுக்கல், சமவாய்ப்பு என்று ஆரம்பித்தது இன்று எங்கே வந்து நிற்கிறது? ஒன்று, பாயிண்ட். குலுக்கலில் விழாதவனுக்கு ஆறுதலாக வருடத்துக்கு ஒரு பாயிண்ட். கொலராடோவில் அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவனுக்கு முதலிடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பகுதிக்கு வருடம் பத்து டேக், வரிசையில் முந்நூறு பேர் என்று வையுங்கள். கடைசி ஆளுக்கு முப்பது வருடம். வடமேற்கு கொலராடோவின் பேர்பெற்ற சில யூனிட்களில் (வேட்டைப் பகுதிகளில்) ஆண் எல்க் டேக்குக்கு இப்போதே இருபது பாயிண்டுக்கு மேல் வேண்டும், அந்த எண்ணும் ஏறிக்கொண்டே போகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் இன்று சேர்ந்தால் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையின் முன்னால் நிற்பவர்கள் பலருக்கு மலையேற முழங்கால் ஒத்துழைக்காது. நடுவில் மாநிலத்துக்கு மட்டும் வருமானம்: வயோமிங் வெளியாளிடம் ஒரு எல்க் பாயிண்டுக்கு 52 டாலர் வாங்குகிறது. டேக் இல்லை, மான் இல்லை, வெறும் பாயிண்ட்.

இரண்டு, விலை. வயோமிங்கில் உள்ளூர்க்காரருக்கு எல்க் டேக் 57 டாலர், வெளியாளுக்கு 692. உள்ளூர்க்காரருக்குச் சலுகை இருக்கட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் "ஸ்பெஷல்" என்று ஒன்று இருக்கிறது: அதே மான், அதே மலை, 1,950 டாலர். வெளியாளுக்கு ஒதுக்கியதில் 40 சதவீதம் அந்த வரிசைக்கு. அதில் காசுக்குப் பயந்து கூட்டம் குறைவு, அதனால் விழும் வாய்ப்பு அதிகம். திருப்பதி சிறப்புத் தரிசன டிக்கெட்டேதான், வேறென்ன? பெருமாளாவது தர்ம தரிசனத்தில் நிற்பவனுக்கும் அன்றைக்கோ மறுநாளோ முகம் காட்டிவிடுகிறார். ஏலத்தில் விடும் டேக்குகள் தனிக் கதை. 2013-இல் மொன்டானாவின் ஒரு காட்டு ஆட்டு டேக் 4,80,000 டாலருக்குப் போனது. அந்தப் பணம் ஆடுகளைக் காப்பாற்றத்தான் போகிறது, வருடத்துக்கு ஒன்றுதான் என்பதால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. 40 சதவீதத்தைப் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது, போகும் வழி. ரயில் கம்பெனிக்கு அன்று நிலத்தைச் சதுரம் விட்டுச் சதுரம் கொடுத்ததால், வயோமிங்கில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம்போலக் கிடக்கிறது. அரசு சதுரத்திலிருந்து அடுத்த அரசு சதுரத்துக்கு மூலையில்தான் தாண்ட வேண்டும். மிசூரியிலிருந்து வந்த நான்கு பேர் எல்க் மவுண்டன் அருகே ஒரு ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலையைத் தாண்டினார்கள். தன் நிலத்துக்கு மேலே உள்ள காற்றுவெளியில் அத்துமீறினார்கள் என்று பண்ணை முதலாளி 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். தனியாக நடந்த கிரிமினல் வழக்கில் 2022-இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. இழப்பீட்டு வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. தீர்ப்புக்குக் கைகொடுத்தது 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று: பொது நிலத்தை வேலிபோட்டு மறிக்கக் கூடாது என்பது. ஆனால் இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் எல்லைக்குள் கொலராடோ, வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ உண்டு. மொன்டானாவும் ஐடஹோவும் இல்லை. அங்கே மூலை இன்னும் மூலைதான்.

அதே 2025 ஜூனில் யூட்டா செனட்டர் மைக் லீ, மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை விற்கும் பிரிவை பட்ஜெட் மசோதாவில் நுழைத்தார். வேட்டைக்காரர்களும் சூழலியல்காரர்களும் ஒரே பக்கம் நின்று சத்தம் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதற்கும் எழுத்தில் புகார் செய்யாத என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் செனட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

பாயிண்டை ஒழித்துவிட்டு நியூ மெக்சிகோ மாதிரி வெறும் குலுக்கலாக வைக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டும் என்பது என் கட்சி. (நியூ மெக்சிகோ ஒன்றும் புனிதமில்லை, அங்கே நில முதலாளிகளுக்கு எல்க் அனுமதி கொடுக்கிறார்கள், அவர்கள் அதை விற்கிறார்கள்.) இதை அவரிடம் சொன்னால் முகம் மாறுகிறது. வயோமிங்கில் மட்டும் பத்துக்கு மேல் பாயிண்ட் சேர்த்து வைத்திருக்கிறார். "நான் கட்டின காசு என்ன ஆகும்?" என்கிறார். வெளியாள் வயோமிங்கில் வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிக்குள் கைடு இல்லாமல் வேட்டையாட முடியாது என்ற விதியைத் திட்டித் தீர்ப்பவர், 2025 முதல் கொலராடோவின் பெரும்பாலான இடங்களில் வெளியாளுக்கு வில்-அம்பு எல்க் டேக் குலுக்கலில்தான் என்றதும் டெக்சாஸ் வண்டிகள் குறையும் என்று பீர் உடைத்தார். மாநில எல்லை தாண்டினால் நியாயமும் மாறிவிடுகிறது. சீர்திருத்தம் ஏன் மெதுவாகவே நகர்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாயிண்ட் வைத்திருப்பவர்கள்தான் கூட்டங்களுக்கு வந்து பேசுகிறார்கள், பன்னிரண்டு வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.