சோஜிலாவில் டாங்குக்கு முன்னால் போனவர்கள்

நேற்று ஒரு விவாத வீடியோ பார்த்தேன். காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாயில் நடந்த சண்டையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார்கள். டாங்க், டாங்க், டாங்க். அந்த டாங்க் ஏறிப்போன பாதையை யார் போட்டது என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

1948. சுதந்திரம் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத இந்தியாவும் பாகிஸ்தானும் காஷ்மீருக்காக மோதிக்கொண்டிருந்தன. சோஜிலா கணவாய் கைவிட்டுப் போனதால் ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லேவுக்குத் தரைவழியே இல்லை. செப்டம்பரில் நம் காலாட்படை மோதிப் பார்த்தது, முடியவில்லை. டாங்கைக் கொண்டுபோகலாம் என்று அங்கே நம் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் திம்மய்யா முடிவெடுத்தார். பீரங்கி இருக்கும் மேற்கூண்டைக் கழற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, ரகசியமாக ஸ்ரீநகர் சேர்த்தார்கள். சரி, அதற்கு மேல்? கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் பால்தாலைத் தாண்டினால் கோவேறு கழுதை போகிற பாதைதான்.

அதை டாங்க் போகிற அகலத்துக்கு வெட்டியது ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், மேஜர் தங்கராஜுவின் ஆட்கள். 11,500 அடி உயரக் கணவாய். குளிர். மேலே எதிரியின் துப்பாக்கி. பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, சிதறிய கல்லை அள்ளி ஒதுக்கி, மறுபடியும் துளை. நவம்பர் 1 அன்று ஏழாவது லைட் கேவல்ரி என்ற டாங்க் படைப்பிரிவின் ஸ்டூவர்ட் ரக டாங்குகள் ஏறியது அந்தப் பாதையில்தான். எதிரி இதை எதிர்பார்க்கவே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் கணவாய்க்கு அப்பால் இருந்த திராஸும் கார்கிலும் மீண்டன. பாதை இல்லையென்றால் டாங்க் பால்தாலிலேயே நின்றிருக்கும்.

"தமிழன் பெருமை பேசுகிறாய்" என்பார்கள். அந்தப் படையில் தெலுங்கரும் மலையாளியும் கன்னடரும் உண்டு, அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "டாங்க் வீரர்களைக் குறைக்கிறாயா?" இல்லை. டாங்க் படைப்பிரிவின் தளபதி ராஜிந்தர் சிங்கும் அவர் ஆட்களும் காட்டிய துணிச்சலுக்கு நானும் தலைவணங்குகிறேன். பாதை வெட்டியவனும் அதே துப்பாக்கிக்கு முன்னால்தான் நின்றான், அதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

என் பெரியப்பா அதே மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். சோஜிலாவுக்கு ரொம்பப் பிந்தி சேர்ந்தார். லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் கேட்பார்கள், "நீங்க ரோடு போடுற பட்டாளம்தானே, சண்டைக்கெல்லாம் போக மாட்டீங்கல்ல?" பதில் சொல்ல மாட்டார். கல் தெறித்து நகம் செத்துப்போன கட்டைவிரலை மடக்கிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அவர் இறந்த அன்று வாசலில் நின்றும் ஒருவர் அதையே சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை. வீடியோவில் பேசியவர்கள் படித்தவர்கள், அவர்களுக்கும் அதே நினைப்புத்தானா?

வீடியோவில் பேசியவர்களே, உங்களிடம் நிறைய நேரம் கேட்கவில்லை. அடுத்த முறை சோஜிலா என்று ஆரம்பித்தால் முதலில் தங்கராஜுவின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் டாங்குக்கு வாருங்கள்.