அவவிட்டக் கேட்டனீங்களோ?

அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். இன்று காலை அது என் தங்கச்சியின் போனுக்கே வந்துவிட்டது. அனுப்பியது எங்கள் சொந்தச் சித்தி. "பாவம் பிள்ளை, உன்னை மாதிரியே" என்று ஒரு வரியும் போட்டிருந்தா. இனியும் பேசாமல் இருக்க என்னால் ஏலாது.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வார்ட்டுக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. கை கால் இழுக்கிறது, உடுப்பு விலகிக் கிடக்கிறது. பிறகு அவவின் சி.ரி. ஸ்கான் படம். மண்டைக்குள் வெள்ளையாக ஒரு செல் (எறிகணை) துண்டு. "தலைக்குள் செல்லோடு வாழும் வன்னிப் பெண்" என்று தலைப்பு. பின்னுக்கு அழுகை இசை.

நான் கேட்பது ஒன்றுதான். அவவிட்டக் கேட்டனீங்களோ? புருசனிடம் இல்லை, மாமியிடம் இல்லை, பக்கத்துக் கட்டிலுக்குத் துணை நின்றவர்களிடம் இல்லை. அவவிடம்.

முகத்தை மறைத்துத்தானே போட்டது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். குரலை மறைத்தீர்களா? கையில் இருந்த தழும்பை? எங்கள் ஊர்களில் யாருக்கு வலிப்பு வரும், யாருக்கு எந்த இடத்தில் துண்டு கிடக்கிறது என்று சங்கக் கடையில் நிற்பவருக்கும் தெரியும். பார்த்த உடனேயே ஊர் சொல்லியிருக்கும், இது இன்னாரின் மகள் என்று.

என் தங்கச்சிக்கு, கடைசிப் போர் நடந்த வன்னியின் மாத்தளனில் காயம். 2009 பங்குனி, அவளுக்கு அப்போது பதினொரு வயது. கப்பலில் ஏற்றினார்கள். ஒரு துண்டை எடுத்தார்கள், இன்னொன்று ஆழத்தில் இருக்கிறது, தொட்டால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். அது சரியான முடிவுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வலிப்பு பிறகு வந்தது. முதலில் பள்ளிக்கூடத்தில், காலைப் பிரார்த்தனையில், முழுப் பிள்ளைகளுக்கும் முன்னால். அதற்குப் பிறகு அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அங்கே யாரிடமும் கமரா போன் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த இரண்டு நாளாக நினைக்கிறேன்.

சில வருடம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சீட்டுத் தந்தார்கள். சிங்களத்தில் ஒரு படிவம். அம்மா கையெழுத்து வைத்தா, என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அந்தக் காந்தம் அதை இழுக்கும், அசைக்கும். மூளைக்குள் இருக்கும் துண்டு அசைந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தங்கச்சி உள்ளே போகும் நேரம் வண்டில் தள்ளிய ஐயா ஒருவர்தான், "பிள்ளை, உடம்பில செல் துண்டு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். அந்த மனிதர் கேட்டிராவிட்டால்? அந்தக் கேள்வி படிவத்திலும் இருந்திருக்கும். நாங்கள் வாசிக்க முடியாத மொழியில் இருந்திருக்கும். இத்தனைக்கும் தமிழ் 1987 இலிருந்து இலங்கையில் அரசகரும மொழி.

டொக்டர்மாரைத் திட்டுகிறாய் என்று இப்போதே ஒருவர் எழுதுவார். இல்லை. தறப்பாளுக்குக் கீழே, மயக்க மருந்தும் இல்லாமல், வெட்டித் தைத்து எங்கள் சனத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். என் தங்கச்சி உயிரோடு இருப்பது அவர்களால். அதைச் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த நன்றிக்காக, அவளுடைய மூளைக்குள் நடப்பதை அவளிடமே சொல்லாமல் விடலாம் என்று ஆகாது.

சொல்லாமல்தான் விட்டார்கள். பத்து வருடமாக அவள் குடித்தது சோடியம் வல்புரோயேட். நல்ல மருந்து, வலிப்பை நிறுத்தியது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது அதைக் குடித்தால் 10 பிள்ளைகளில் 1 பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, 3 அல்லது 4 பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியில் சிக்கல். கர்ப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றும் இல்லாமல் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று பிரித்தானியாவில் 2018 இல் விதி கொண்டுவந்தார்கள். எங்கள் கிளினிக் கொப்பியில் "அதே மருந்து, மூன்று மாதம்" என்று மட்டும் எழுதியிருந்தது. கலியாணம் பேசிய பிறகு, நானாகத் தேடி வாசித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. (இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடாதேங்கோ. உயிருக்கே ஆபத்து. டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கோ.)

"நினைவில்லாமல் கிடந்தவவிட்ட எப்பிடிக் கேக்கிறது?" இதுதான் அதிகம் வந்த பதில். வலிப்பு நின்று கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு நினைவு திரும்பும். அதுவரைக்கும் பொறுக்க முடியாத அவசரம் என்ன இருந்தது? அதோடு, அசையாமல் கிடந்தால் உள்ளே ஒருவரும் இல்லை என்று யார் சொன்னது? 2006 இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை விஞ்ஞானியின் ஆய்வுக் குழு, விபத்துக்குப் பிறகு உணர்வே இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், ரென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொல்லி மூளையை ஸ்கான் செய்தது. நல்ல சுகமாக உள்ளவர்களுக்கு எந்தப் பகுதி வேலை செய்யுமோ, அதே பகுதி அவவுக்கும் வேலை செய்தது. சொன்னதெல்லாம் அவவுக்குக் கேட்டிருக்கிறது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1953 இல், வலிப்பை நிறுத்தவென்று ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 27 வயது இளைஞர் ஒருவரின் மூளையில் இரண்டு பக்கமும், ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார். வலிப்புக் குறைந்தது, ஆனால் அந்த மனிதருக்குப் புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. ஞாபகசக்தி பற்றிய அறிவில் பெரும்பங்கு அவரை ஆராய்ந்து வந்ததுதான். ஞாபகமே நிற்காத ஒருவர் அதற்கெல்லாம் எப்படிச் சம்மதித்திருப்பார் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற கேள்வி. ஆனாலும் 2008 இல் அவர் சாகும்வரை வெளி உலகத்துக்கு அவர் எச்.எம். என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். ஹென்றி மொலேசன் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வெளியில் வந்தது. அரை நூற்றாண்டு! எங்கள் பிள்ளைக்கு நீங்கள் அரை நாள் கொடுக்கவில்லை.

போர்ச் சாட்சியம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை. சாட்சி சொல்வதா இல்லையா என்பது அவவின் முடிவு. சொல்ல விரும்பினால் உடுப்பைச் சரிசெய்து, கதிரையில் இருந்து, தன் வாயால் சொல்லுவா. நுரை தள்ளும் வாயைக் காட்டி நீங்கள் அவவுக்காகச் சொல்ல வேண்டாம். எங்கள் காயங்களைப் படம் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள். இப்போது எங்கள் ஆட்களே தொடங்கிவிட்டீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எனக்கு வழக்குப் போடும் எண்ணம் இல்லை. தங்கச்சி அந்தக் காணொளியை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு, "அக்கா, என்ரை ஸ்கான் படமும் ஆரின்ரையும் போனில கிடக்குமோ?" என்று கேட்டாள். இத்தனை கிளினிக்கில், இத்தனை பேர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

பகிர்ந்த ஆட்கள் இன்றைக்கே அழியுங்கோ. வட்ஸ்அப் குழுக்களில் போட்டவர்களும்தான். சித்தி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். முதலில் நீங்கள்.